2 டன் படகுக்கு ஒரு பழைய டிராக்டர்

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்தே காலுக்குக் கரை பிடித்தோம். ஐந்தரைக்கெல்லாம் படகு மேட்டில் ஏறிவிட்டது. நடுவில் யாரும் யாரையும் திட்டவில்லை, கயிறு அறுந்து போகவில்லை, சக்கரம் புதையவில்லை. அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டார். நான் மட்டும் டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் படகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கால் மணி நேர வேலைக்கு வந்துசேர நான்கு வருடம் ஆயிற்று. நடுவில் ஒரு ஜீப்பை வாங்கி விற்றோம், இரண்டு கிளட்ச் பிளேட்டைக் கருக்கினோம், சித்தப்பாவின் கால் தப்பியது அவர் செய்த புண்ணியம். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர், படகு இழுக்கப் பழைய வண்டி பார்க்கிறோம், என்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தார்கள். போனில் சொன்னால் பாதிதான் சொல்ல முடிகிறது. அதனால் எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஊர் கடலூருக்குத் தெற்கே, பரங்கிப்பேட்டைக்கு இந்தப் பக்கம். துறைமுகமும் கிடையாது, முகத்துவாரமும் கிடையாது, வெறும் மணல் கரை. அப்பா காலத்தில் கட்டுமரம்தான். கரைக்கு வந்ததும் கட்டைகளைப் பிரித்து ஆளுக்கொன்றாய்த் தூக்கிப்போய்க் காயப்போட்டுவிடலாம். 2004 சுனாமிக்கு அப்புறம் கரை முழுக்க ஃபைபர் படகு வந்தது. அதைப் பிரிக்க முடியாது, ஒரே உடம்பு. ஆரம்பத்தில் அதுவும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை, ஏனென்றால் கரையில் ஆள் இருந்தது. இருபது பேர் ஐலசா போட்டால் ஏறிவிடும். இப்போது அந்த இருபது பேரில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். விடியற்காலையில் தோள் கொடுக்க ஆறு பேர் தேறுவார்கள், அதில் இரண்டு பேருக்கு முட்டி வலி.

2021 மாசியில் அண்ணன், நான், மச்சான் மூன்று பேரும் பணம் போட்டு ஒரு பழைய ஜீப் வாங்கினோம். நாலு சக்கரமும் சுற்றும் வகை. விலை 1,40,000. அதை வாங்கச் சொன்னது நான்தான், மறைக்க ஒன்றுமில்லை. வெறும் வண்டியாய் மணலில் விட்டால் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு ஓடியது. ஊரே வேடிக்கை பார்த்தது. அன்று சாயங்காலம் படகைக் கட்டினோம். பத்தடி போனது. அப்புறம் முன்பக்கம் லேசாகிப் பின்சக்கரம் இரண்டும் அச்சு வரைக்கும் புதைந்தன. டயர் காற்றை 12 பவுண்டுக்கு இறக்கிப் பார்த்தோம், நாற்பது அடி போனது. அதற்குமேல் கிளட்ச் கருகும் வாசனை. சாம்பிராணி போட்ட மாதிரி கரை முழுக்கப் பரவும் அந்த வாசனையை ஒரு தடவை மோந்தவன் மறக்க மாட்டான். ஐந்து மாதத்தில் இரண்டு பிளேட், கூலியோடு சேர்த்துத் தலா 11,500. ஆவணியில் மலைப்பக்கத்து ஆள் ஒருவருக்கு 85,000-க்குக் கொடுத்தோம். அவர் இன்றைக்கும் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். வண்டியில் குறை இல்லை, நாங்கள் கொடுத்த வேலைதான் தப்பு.

எவ்வளவு தப்பு என்பது அடுத்த மாதம் தெரிந்தது. படகின் அடிப்பக்கம் தேய்ந்து ஃபைபர் ஒட்டுவதற்காக லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியில் எடைமேடையைப் பார்த்ததும் மச்சான், ஒரு தடவை நிறுத்திப் பார்த்துவிடலாமே என்றார். லாரியின் வெற்று எடையைக் கழித்தால் படகு மட்டும் 1,420 கிலோ. 32 அடிப் படகு, வலை இல்லை, எஞ்சின் இல்லை, ஐஸ் பெட்டி இல்லை. ஈரவலை, எஞ்சின், டீசல் கேன் எல்லாம் சேர்த்தால் இன்னும் 600 கிலோவாவது வரும். நல்ல பாடு கிடைத்த நாளில் மீன் 200, 300. ஆகக்கூடி 2 டன்னுக்கு மேல். அதுவரை கரையில் ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஒரு டன் என்பார் ஒருவர், மூன்று என்பார் இன்னொருவர். எடைமேடைச் சீட்டுக்கு ஆன செலவு நூறு ரூபாய்க்கும் குறைவு. அதை முதலிலேயே செய்திருந்தால் ஜீப் வாங்கியிருக்க மாட்டோம். ஜீப்பின் எடை 1,300 கிலோ சொச்சம். யார் யாரை இழுக்கிறார்கள் என்று மணலுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

2022 முழுக்க வாடகை டிராக்டர்தான். ஓர் இழுவைக்கு 300 ரூபாய். மாதம் 6,000, 7,000 அதற்கே போனது. அதுவும் நாம் கரை பிடிக்கிற நேரத்துக்கு வராது, அலையில் படகு அடிபட்டுக்கொண்டு நிற்கும். ஆனால் அந்த ஒரு வருடம் வீண் போகவில்லை. மூன்று வெவ்வேறு வண்டிகள் எங்கள் படகை இழுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 50 ஹெச்.பி. வண்டியும் சறுக்கியது, 36 ஹெச்.பி. வண்டியும் சறுக்கியது, ஏறக்குறைய ஒரே இடத்தில். எஞ்சின் திணறியதே இல்லை. பவர் தீர்வதற்கு முன்னாலேயே பிடி தீர்ந்துவிடுகிறது. அண்ணன் அதுவரை பெரிய வண்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

இன்னொன்றையும் அந்த வாடகை டிரைவர் ஒருவர்தான் சொன்னார். "புது டயர் போட்ட வண்டின்னு அதிகம் குடுத்து வாங்கிடாதீங்க தம்பி. வயல்ல அது பிடிக்கும், பொடி மணல்ல குழி பறிக்கும்." உண்மைதான். கட்டை நன்றாக எழும்பி நிற்கிற டயர் மணலை வாரி வாரிப் பின்னால் கொட்டும், நாலு சுற்றில் அச்சு தரையில் உட்கார்ந்துவிடும். பாதி தேய்ந்த டயர், காற்று குறைவாக இருந்தால், மணல் மேல் பரவி நிற்கிறது.

அடுத்து வாங்குகிற கதை. எங்கள் கையில் 2,50,000. அதில் 80,000 அண்ணி நகையை அடகு வைத்து வந்தது. நான் கேட்டது நான்கே நான்கு. எலக்ட்ரானிக் எதுவும் இருக்கக்கூடாது, உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. பிரேக் எண்ணெய்க்குள் மூடி இருப்பதாக இருந்தால் நல்லது, மணல் உள்ளே போகாது. உதிரிபாகம் சிதம்பரத்திலேயே கிடைக்க வேண்டும். வண்டி கனமாக இருக்க வேண்டும். மகிந்திரா 575, மாசி ஃபெர்குசன் 1035 என்ற இரண்டு டிராக்டரில் எது நல்ல நிலையில் கிடைத்தாலும் சரி என்று கிளம்பினோம். இரண்டுக்கும் எந்த ஊர்ச் சந்தில் கேட்டாலும் மெக்கானிக் இருப்பார்.

மொத்தம் ஏழு வண்டி பார்த்தோம். முதல் நான்கும் பக்கத்திலேயே, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம். நெல் வயல் வண்டிகள். கூட வந்த மெக்கானிக் அண்ணன் பெயின்ட்டையும் டயரையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகப் போய் கியர் பெட்டியின் எண்ணெய்க் குச்சியை உருவி, விரலில் தடவி, வெளிச்சத்தில் காட்டினார். முதல் வண்டியில் எண்ணெய் டீ நிறம். கறுப்பு டீ இல்லை, பால் ஊற்றிய டீ. "கேஜ் வீல்னு இரும்புச் சக்கரம் போட்டு வருஷக்கணக்கா சேத்துல ஓட்டியிருக்கான். பின்அச்சு ஆயில் சீல் போயி தண்ணி உள்ள இறங்கியிருக்கு. உள்ள பேரிங், பல்லு எல்லாம் துரு தின்னுருக்கும்" என்றார். இரண்டாவதிலும் அதே டீ. மூன்றாவதில் எண்ணெய் புத்தம் புதிதாகத் தங்கம் மாதிரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் அதிகமாகச் சந்தேகப்பட்டார். பழைய வண்டியில் நேற்று ஊற்றிய எண்ணெய் என்றால் நேற்று வரைக்கும் என்ன இருந்தது என்று யோசி என்றார். நான்காவது வண்டிக்குப் போனபோது பானெட்டில் கை வைத்தார், சுட்டது. நாங்கள் வருகிறோம் என்று தெரிந்து முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதை நாம் பார்க்கக்கூடாதாம். டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

வரும் வழியில் அவர் சொன்னதுதான் இந்தப் பதிவிலேயே முக்கியமான வரி. டெல்டா வண்டி வேண்டாம், மானாவாரி வண்டி வாங்கு. பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற கரிசல் காட்டு வண்டி சேற்றில் இறங்கியிருக்காது. புழுதி தின்றிருக்கும், அது ஃபில்டரோடு போகும். செங்கல் சூளையில் லோடு அடித்ததையும் மணல் டிப்பர் இழுத்ததையும் தொடாதே, கிளட்ச்சும் அச்சும் முறிந்திருக்கும்.

2023 தை மாதம் பெரம்பலூருக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்தில் ஏழாவது வண்டி. மாசி 1035, 2009 மாடல், ஒரே கை. விற்றவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். பிள்ளைகள் விவசாயம் வேண்டாம் என்று போய்விட்டார்கள். பானெட் ஜில்லென்று இருந்தது. செல்ஃப் அடித்ததும் இரண்டாவது சுற்றில் பிடித்தது, கொஞ்சம் கறுப்புப் புகை, உடனே தெளிந்தது. எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டோம். வாயிலிருந்து புகை குப்குப்பென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். லேசாக ஆவி மட்டும் வந்தது. கியர் எண்ணெய் கறுப்பு, பழசு, ஆனால் பால் இல்லை. ஸ்டியரிங்கில் நாலு விரல் ஆட்டம் இருந்தது. முன்டயர் இரண்டும் வெடித்திருந்தன. பேட்டரி செத்துப்போய் வேறு பேட்டரியில்தான் கிளப்பினார்கள். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற குறை, விலையில் குறைத்துக்கொள்ளலாம்.

கடைசியாகப் புளியமரச் சோதனை. களத்து ஓரத்தில் இருந்த புளியமரத்தில் சங்கிலியைச் சுற்றி, மறு முனையை வண்டியின் அடிக்கொக்கியில் மாட்டினோம். லோ கியரில் முதலாவது போட்டுக் கிளட்ச்சை மெதுவாக விட்டார் மெக்கானிக் அண்ணன். சங்கிலி இறுகி முனகியது. இரண்டு பின்சக்கரமும் ஒரே சமயத்தில் மண்ணைக் கீறிக்கொண்டு சுற்றின. அதுதான் வேண்டும். சக்கரம் நின்றபடி எஞ்சின் மட்டும் கத்தினால் கிளட்ச் போச்சு. ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால், இரண்டையும் சேர்த்துப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக்கை மிதித்துப் பார், அப்போதும் ஒன்றே சுற்றினால் லாக் போச்சு. பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "மரத்தப் புடுங்கிராதீங்கப்பா, அது எங்கப்பா வச்சது" என்றார்.

2,60,000 சொன்னார், 2,30,000-க்கு முடிந்தது. தரகருக்கு 4,000. ஆர்.சி.யில் வங்கிக் கடன் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தோம். 15 வருடப் பதிவு முடிய ஒரு வருடமே மிச்சம் இருந்தது, புதுப்பிக்கிற செலவைச் சொல்லித்தான் கடைசி 5,000-ஐக் குறைத்தோம். லாரியில் ஏற்ற மனசில்லை. ஜெயங்கொண்டம், காட்டுமன்னார்கோயில் வழியாக நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். நூறு கிலோமீட்டருக்கு மேல், ஆறரை மணி நேரம், மறுநாள் இடுப்பு என்னுடையது இல்லை.

எண்ணெய், ஃபில்டர் எல்லாம் மாற்றியது 9,200. பேட்டரி 6,800. முன்டயர் இரண்டு 9,000. ஸ்டியரிங் ஆட்டத்தை விட்டுவிட்டேன், கரையில் 5 கிலோமீட்டர் வேகத்துக்கு அது போதும்.

முதல் இழுவையிலேயே ஒரு பெரிய தப்பு. கலப்பை மாட்டும் மேல்கொக்கி கைக்கு வாகாக இருக்கிறதே என்று கயிற்றை அதில் கட்டினோம். படகு மணலில் ஒட்டிக்கொண்டிருந்தது. கிளட்ச்சை விட்டதும் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. ஓர் அடி, இரண்டடி. எனக்கு முன்னால் பானெட்டுக்குப் பதில் வானம் தெரிந்தது. சித்தப்பா கீழேயிருந்து "கிளட்ச்ச மிதிடா" என்று கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. மிதித்தேன், தொம்மென்று இறங்கியது. இன்னும் ஒரு வினாடி விட்டிருந்தால் வண்டி மல்லாந்து என் மேலேயே விழுந்திருக்கும். அப்படிச் செத்தவர்கள் இருக்கிறார்கள் என்று மெக்கானிக் அண்ணன் பிறகு சொன்னார், ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, இதுகூடவா தெரியாது என்றார். பின்அச்சுக்குக் கீழே, எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழத்தான் கயிறு கட்ட வேண்டும். அதற்கென்றே இருக்கிற இழுவைப் பட்டையைத் தவிர வேறெதிலும் இப்போது நாங்கள் கட்டுவதில்லை. முன்பக்கம் பழைய இரும்புக் கடையில் வாங்கிய எடைக்கட்டைகளை வெல்டு செய்து மாட்டினோம், 3,500.

பின்சக்கரத்தில் தண்ணீர் நிரப்பியது அடுத்த கட்டம். வயல்காரர்களுக்கு இது பழைய சங்கதி, எங்களுக்குப் புதுசு. வண்டியை ஜாக்கியில் தூக்கி, வால்வு உச்சியில் வரும்படி சக்கரத்தைத் திருப்பி, கேனை மேலே வைத்துக் குழாய் வழியாக இறக்கினோம். 20 லிட்டர் கேனில் ஏழரைக் கேன், அதாவது ஒரு சக்கரத்துக்கு 150 லிட்டர். இரண்டுக்கும் சேர்த்து 300 கிலோ கூடியது. வண்டியின் சொந்த எடை 1,700 சொச்சம், அதோடு இதுவும் முன்கட்டையும் சேர்ந்து படகுக்குச் சரியாக நின்றது. மச்சான் கடல்தண்ணி பக்கத்திலேயே கிடக்கே என்றார். விட்டிருந்தால் ரிம் உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கும். குடிதண்ணிக் குழாயில்தான் பிடித்தோம். காற்றை 10 பவுண்டுக்கு இறக்கி வைத்திருக்கிறோம்.

இவ்வளவும் செய்தும் 2023 பங்குனியில் வண்டி கடலோரத்தில் மாட்டிக்கொண்டது. படகுக்குப் பக்கத்தில் போய்க் கட்டினால் கயிறு மிச்சம் என்று ஈர மணல் வரைக்கும் இறக்கினோம். ஈர மணல் கெட்டியாகத்தானே இருக்கிறது, ஓடினால் காலடி கூடப் பதியாதே என்ற தைரியம். நிற்கிற வரைக்கும் கெட்டிதான். ஓர் அலை வந்து திரும்பும்போது சக்கரத்தடியிலிருந்து மணலை உருவிக்கொண்டு போகும், அடுத்த அலை இன்னும் கொஞ்சம். ஐந்து நிமிடத்தில் பின்அச்சு உப்புத் தண்ணீரில். ஜே.சி.பி. வந்து தூக்கியதற்கு 2,500. முன் ஹப் பேரிங், சீல், ஸ்டார்ட்டர் கழற்றிக் கழுவியது 8,400. மிச்சம் பிடித்த கயிறு என்ன பெரிய காசு?

அன்றைக்கு ராத்திரி சித்தப்பாதான் வழி சொன்னார். அவர் சின்ன வயதில் கரைவலை இழுத்தவர். "வலையை இழுக்க நாம கடலுக்குள்ளயா போறோம்? மேட்டுல நின்னுதானே இழுக்கிறோம்." வண்டி எதற்குக் கீழே வர வேண்டும்? தண்ணீர் விளிம்பிலிருந்து எங்கள் மேடு 45 மீட்டர். மேட்டுக்குப் பின்னால் கிராவல் போட்ட பாதை இருக்கிறது, லாரியே போகும். வண்டி அந்தப் பாதையில் நிற்கட்டும், நீளக் கயிறு படகுக்குப் போகட்டும். இது புரிய எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது வெட்கக்கேடுதான்.

ஒரு சிக்கல், பாதை கடலுக்கு இணையாக ஓடுகிறது. அதில் வண்டி போனால் கயிறு பக்கவாட்டில் இழுக்கும். அதற்குக் கப்பி. மேட்டில் நாலடி ஆழத்துக்குக் குழி வெட்டி ஏழடி நீளச் சவுக்குக் கட்டையைக் குறுக்கே புதைத்து, அதன் நடுவிலிருந்து சங்கிலியை மேலே கொண்டுவந்து கப்பியை மாட்டினோம். கயிறு படகிலிருந்து நேராக மேட்டுக்கு வந்து, கப்பியில் திரும்பி, பாதையோரமாக வண்டிக்குப் போகிறது. வண்டி கிராவலில் நடந்துகொண்டே இருக்கும், படகு மணலில் ஏறிக்கொண்டே வரும். பாடு அதிகமான நாளில் படகின் முன்முனையான அணியத்திலும் ஒரு கப்பி போட்டுக் கயிற்றை மடக்கிவிடுகிறோம். வேகம் பாதியாகும், இழுப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால்தான் 80 மீட்டரில் இரண்டு சுருள் வாங்க வேண்டியிருந்தது.

கயிற்றிலும் ஒரு பாடம் உண்டு. முதலில் வீட்டில் கிடந்த நைலான் கயிற்றைப் போட்டோம். நைலான் ரப்பர் மாதிரி நீளும். ஒருநாள் படகு கல்லில் தட்டி நின்றது, நான் கவனிக்காமல் இன்னும் பத்தடி போனேன். கயிறு இறுகி, மெலிந்து, அணியத்துக் கொண்டிக்குப் பக்கத்தில் அறுந்தது. அறுந்த முனை பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வந்து சித்தப்பா நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி மணலில் அரையடிக் கோடு போட்டது. அவர் அப்போதுதான் பீடி பற்றவைக்க இரண்டடி நகர்ந்திருந்தார். புகையிலையால் உயிர் பிழைத்த ஒரே ஆள் எங்கள் சித்தப்பாதான். இப்போது 28 மில்லி பாலிப்ரோப்பிலீன் கயிறு, அவ்வளவாக நீளாது. கயிறு கிலோக் கணக்கில்தான் விற்கிறார்கள், ஒரு சுருள் 29 கிலோ, இரண்டு சுருள் 13,500. கப்பி இரண்டு 5,600. கொண்டி, ஷேக்கில் எல்லாம் 2,400. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஈரச்சாக்கு ஒன்றைப் போர்த்திவிடுகிறோம், அறுந்தாலும் அவ்வளவாகப் பறக்காது. படகுக்கும் கப்பிக்கும் வண்டிக்கும் நடுவிலான முக்கோணத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது. குழந்தைகள் வேடிக்கை பார்க்க வந்தால் எஞ்சினை அணைத்துவிடுவேன்.

படகுக்கு அடியில் என்ன போடுவது என்பதில் மட்டும் நாங்கள் நிறைய யோசித்து, கடைசியில் தாத்தா காலத்து வழிக்கே திரும்பினோம். பி.வி.சி. குழாய் வெடித்தது. லாரிச் சக்கரம் வைத்த தள்ளுவண்டி ஒன்றைக் கடனாக வாங்கிப் பார்த்தோம், அதுவே புதைந்துபோய் அதை இழுக்க ஒரு வண்டி தேவைப்பட்டது. இப்போது சவுக்குக் கழிகளைத் தண்டவாளத்துக்குக் குறுக்குக்கட்டை போடுவதுபோல நாலடிக்கு ஒன்று போடுகிறோம், மேலே பழைய எஞ்சின் ஆயில் தடவி. படகு வழுக்கிக்கொண்டு வருகிறது. இரண்டு பேர் பின்னாலிருந்து கழியை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போனால் போதும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் வந்தபோதுதான் எல்லாவற்றுக்கும் பரீட்சை. அது 30-ஆம் தேதி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அதற்கு நான்கு நாள் முன்னாலேயே ஊர் மைக்கில் படகுகளை ஏற்றச் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்து நடுராத்திரி வரைக்கும் 23 படகு. வழக்கமான மேட்டோடு நிற்காமல் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் வரைக்கும் கொண்டுபோக வேண்டியிருந்தது. மழையில் மணல் இறுகியிருந்ததால் இழுவை நான் பயந்த அளவுக்கு இல்லை. 26 லிட்டர் டீசல் ஆனது. கூலி வேண்டாம் என்றோம், ஊர்ப் பஞ்சாயத்து டீசலுக்கு 3,000 கொடுத்தது. இரவு பத்து மணி வாக்கில் ஸ்டியரிங் கையில் வழுக்கியது, மழையா வியர்வையா தெரியவில்லை. அண்ணன் மாற்றிக்கொண்டார்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டிராக்டரும் அதற்குச் செய்த எல்லாமும் சேர்த்து 2,94,900. ஜீப்பில் தொலைத்தது 78,000. இன்னும் ஏழெட்டுப் படகுகளுக்கு ஓர் இழுவைக்கு 150 ரூபாய் வாங்குகிறோம். டீசல், கிரீஸ், தேய்மானம் போக மாதம் 9,000, 10,000 நிற்கிறது. அண்ணியின் நகை போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்துவிட்டது.

ஆனால் உப்பு தின்றுகொண்டேதான் இருக்கிறது. தினமும் வேலை முடிந்ததும் நாலு குடம் நல்ல தண்ணீர் ஊற்றுகிறோம். வாரம் ஒருமுறை எல்லா நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரைக்கும் புதுக் கிரீஸ் அடிக்கிறோம். அப்படியும் சைலன்சர் இரண்டு வருடத்தில் ஓட்டை. பால் பவுடர் டப்பாவை வெட்டிச் சுற்றிக் கம்பி கட்டியிருக்கிறேன். இடதுபக்க மட்கார்டை விரலால் தட்டினால் பொருக்கு உதிர்கிறது. ஐந்தாறு வருடத்தில் இந்த வண்டி முடிந்துவிடும் என்றுதான் வைத்திருக்கிறேன். அதனாலேயே 5 லட்சத்துக்கு நல்ல வண்டி வாங்கு என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்பதில்லை. கடல் விலை பார்த்துத் தின்னாது.

தை முதல் பங்குனி வரைக்கும் இன்னொரு கவனம். பங்குனி ஆமை ராத்திரியில் ஏறி முட்டையிடுகிற மாதங்கள். மணலில் வண்டி ஓடினால் முட்டைக் குழி நசுங்கும். வண்டி மேட்டிலேயே நிற்கிற முறைக்கு மாறியதில் அந்தக் கவலையும் குறைந்தது. முன்பு வனத்துறை ஆட்கள் எங்களைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள், இப்போது டீ குடிக்க நிற்கிறார்கள்.

அடுத்த தடவை வாங்கினால் எதை மாற்றுவேன்? எடைமேடைக்கு முதலில் போவேன். கயிறும் கப்பியும் முதலில், வண்டி அப்புறம். அவை சரியாக இருந்தால் 30 ஹெச்.பி. வண்டியே போதுமோ என்று இப்போது சந்தேகம் வருகிறது, எங்கள் வண்டி பாதி மூச்சில்தான் இழுக்கிறது. எண்ணெய்க்குள் மூடிய பிரேக்கைக் கட்டாயமாக்குவேன். எங்கள் வண்டியில் அது இல்லை, பெரியவர் வண்டியின் மீதிருந்த ஆசையில் விட்டுக்கொடுத்தேன். கிராவல் பாதைக்கு மாறுவதற்குள் உள்ளே போன மணல் இன்னமும் பிரேக் மிதிக்கும்போது கரகரக்கிறது. சவுக்குக் கட்டையைப் புதைப்பதற்கு முன் தார் பூசியிருக்க வேண்டும், போன மாதம் தோண்டிப் பார்த்தபோது ஒரு முனை செல்லரித்திருந்தது.

கிளட்ச் இப்போது உச்சியில் பிடிக்கிறது, பெடல் ஆட்டம் ஒரு விரல்கூட இல்லை. ஏப்ரல் 15-க்குத் தடைக்காலம் தொடங்கினால் விசைப்படகுகள் ஜூன் 14 வரைக்கும் நிற்கும், மீன் விலை ஏறும், கரையிலுள்ள அத்தனை ஃபைபர் படகும் தினமும் கடலுக்குப் போகும். வண்டிக்கு ஒருநாள்கூட ஓய்வு கிடைக்காது. அதற்குள் வண்டியை நடுவில் பிரித்துக் கிளட்ச் பிளேட்டை மாற்றிவிட வேண்டும். மெக்கானிக் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். பிரித்ததும் உள்ளே எவ்வளவு மணல் இருக்கிறது என்று அளந்து சொல்கிறேன். மச்சான் ஒரு படி என்று பந்தயம் கட்டியிருக்கிறார்.